வாசற்படிக்கு உள்ளே: சிறார் வதையும் ஆயர் பணியும்

திண்டிவனத்தில் ஒரே இரவில் மும்முறை கதவு தட்டப்பட்ட வரலாற்றை அறியாத ஆயர் வட ஆர்க்காட்டுப் பகுதியில் எவரும் இரார். 1890களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது அது. அமெரிக்காவில் பள்ளிக் கல்வி முடித்துத் தம் பெற்றோரிடம் வந்திருந்த ஐடா ஸ்கடர் அம்மையாரைத் தேடி, பிராமணர் ஒருவர், இசுலாமியர் ஒருவர், வேறோர் இந்து ஒருவர் என மூவர் அடுத்தடுத்து வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவராயிருந்தும், ஆண் ஒருவர் தம் மனைவியைத் தொட அம்மூவரும் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அவ்விரவே அம்மையாரின் அழைப்பாயிற்று. 1900-இல் வேலூரில் ஒரு கட்டிலோடு தொடங்கிய பணி, 1918-இல் மருத்துவப் பள்ளியாகி, இன்று உலகறிந்த நிறுவனமாக நிற்கிறது.

இந்நிகழ்ச்சியை நம்மில் பலர் எத்தனையோ முறை அருளுரையில் எடுத்தாண்டிருக்கிறோம். ஆயினும் அதில் வரும் ஒரு செய்தியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். முதலில் வந்த கணவரின் மனைவிக்கு வயது பதினான்கு என்று அவ்வரலாறு கூறுகிறது. பெண் மருத்துவர் இல்லாமையே அவள் சாவுக்குக் காரணம் என்று நாம் போதித்து வந்தோம். பதினான்கு வயதுச் சிறுமி பேறுகால அறைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தாள் என்ற கேள்வி எழுப்பப்படவே இல்லை. சட்டமும் அதைக் கேட்கவில்லை. கல்கத்தாவில் பூல்மணி என்னும் சிறுமி கணவனால் மாண்டதையொட்டி எழுந்த பெருங் கிளர்ச்சிக்குப் பின், 1891-இல்தான் இசைவு வயது பத்திலிருந்து பன்னிரண்டுக்கு உயர்த்தப்பட்டது. ஆகவே திண்டிவனத்து வீட்டில் அக்காலச் சட்டப்படி குற்றம் எதுவும் நிகழவில்லை. மூடிய கதவுக்கு உள்ளே நடந்தது குடும்பக் காரியம்; கதவு தட்டப்பட்ட பின் நடந்ததே மற்றவர்களுக்குரிய காரியம்.

இந்த வாசற்படியைப் பற்றியே இக்கட்டுரை பேச விழைகிறது.

வீடும் தொழிலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, குடியாத்தம், மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றையொட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் பணியாற்றும் ஆயர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. காலையில் ஷூ கம்பெனி வண்டிகள் ஊர்தோறும் நின்று பெண்களை ஏற்றிச் செல்கின்றன. அவர்கள் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யுமிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு விதித்தது. ஏழு வயதுக் குழந்தைக்கு அப்படி ஏதும் இல்லை. பள்ளி விட்ட பிறகு தாய் வரும்வரை உள்ள இரண்டு மூன்று மணி நேரம் அக்குழந்தை யாரிடம் இருக்கிறது? பாட்டியிடம், பக்கத்து வீட்டாரிடம், ஒன்றுவிட்ட அண்ணனிடம், டியூஷன் வாத்தியாரிடம், சில வேளை ஆலய வளாகத்தில். பெரும்பாலும் இவர்கள் நல்லவர்களே. தாயின் வேலையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. அவ்வேலையால்தான் அவ்வீட்டில் அடுப்பு எரிகிறது. யாரும் பாராத நேரம் ஒன்று நாள்தோறும் இருக்கிறது என்பதையும், தீங்கு செய்ய நினைப்பவன் அதை நமக்கு முன்பே அறிந்திருக்கிறான் என்பதையும் குறிப்பிடவே இதைச் சொல்கிறேன்.

இவ்வட்டாரத்துச் சிறார் பட்ட துன்பங்களில் வெளியுலகம் முதலில் கண்டது பீடித் தொழிலையே. தந்தை வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை ஏஜெண்டின் வீட்டில் பீடி சுற்றும். கடன் அடையாது; பிள்ளை வளர்ந்துவிடும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுதலைத் தடைசெய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு உரிமையாளரே நடத்தும் தொழிலிடத்துக்கு அத்தடை பொருந்தாது என்று ஒரு விலக்கும் அதே சட்டத்தில் இருந்தது. சுளகு வீட்டுக்குள் போயிற்று. சட்டம் வாசற்படியில் நின்றுவிட்டது. 1996-இல் மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு இந்தியாவின் கொத்தடிமைச் சிறாரைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் அன்றைய வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்துப் பீடிப் பிள்ளைகள் இடம்பெற்றனர். அக்காலத்தில் மாவட்ட ஆட்சியராயிருந்த எம். பி. விஜயகுமார் கொத்தடிமைச் சிறாரை மீட்டுப் பள்ளிக்குக் கொணர்வதில் முனைந்தார். பின்னர் தமிழகத் தொடக்கப் பள்ளிகளுக்கு அவர் கொண்டு வந்த செயல்வழிக் கற்றலுக்கு வித்திட்டது இந்த மாவட்டத்து மீட்புப் பள்ளிகளின் அனுபவமே. நம் வட்டாரம் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது; அதிகம் பேசப்படுவதில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. உழைப்புச் சுரண்டலை வதை என்று ஒப்புக்கொள்ளச் சமுதாயத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. பாலியல் கொடுமையை ஒப்புக்கொள்ள இன்னும் அதிகக் காலம் ஆகிறது. ஏனெனில் இங்கே வீடு என்னும் அரண் இன்னும் தடிப்பானது. பதினெட்டு வயது நிரம்பாத மனைவியைக் கணவன் வல்லுறவு கொள்ளுதல் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017 அக்டோபரில்தான். திண்டிவனத்துச் சிறுமி இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது.

வதை என்பது யாது?

அடித்தல், பட்டினி போடுதல், இழிமொழியால் நொறுக்குதல், கவனியாது விடுதல், உழைப்பைச் சுரண்டுதல், பாலியல் இச்சைக்குப் பயன்படுத்துதல் ஆகிய அனைத்தும் சிறார் வதையே. இக்கட்டுரை பெரிதும் கடைசியானதைப் பற்றியது. மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 சிறாரிடம் கேட்டறிந்தது. ஏதேனும் ஒரு வகையில் பாலியல் தீங்குக்கு உள்ளானதாகச் சொன்னவர்கள் 53.22 விழுக்காட்டினர். சென்னையில் துளிர் அமைப்பு 2006-இல் பள்ளிச் சிறார் 2,211 பேரிடம் நடத்திய ஆய்வில் அது 42 விழுக்காடு. அந்த ஆய்வில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளின் விழுக்காடு கூடுதலாயிருந்தது பலருக்கு அதிர்ச்சியளித்தது. ஆண் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணத்தில் நாம் வாலிபர் முகாம்களையும் பையன்கள் விடுதிகளையும் நடத்தி வருகிறோம்.

செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்கு அறிமுகமானவர்களும் பொறுப்பான நிலையில் இருந்தவர்களும் என்று 2007-ஆம் ஆண்டு ஆய்வு கூறிற்று. இருட்டில் பதுங்கும் அந்நியனைப் பற்றி எச்சரிப்பது எளிது. மிட்டாய் தரும் மாமனைப் பற்றி எச்சரிப்பது கடினம். அவன் முதலில் பிள்ளையின் அன்பைப் பெறுகிறான். அதற்கு முன்பே பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றுவிடுகிறான். சிறு பரிசு, சிறு இரகசியம், தற்செயல் போலத் தோன்றும் ஒரு தொடுகை, பின்பு மிரட்டல் எனப் படிப்படியாக வளர்கிறது. இறுதியில் பிள்ளை தானே குற்றவாளி என்று நம்புகிறது. ‘ஏன் அன்றே சொல்லவில்லை?’ என்று நாம் கேட்பது இதை அறியாமையால்.

தாமாரின் வீடு

இப்படிநிலைகளை ஓர் ஆய்வு நூலிலன்றித் திருமறையிலேயே காணலாம். 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தைத் தனியே அமர்ந்து மெதுவாக வாசிக்குமாறு இறையியல் மாணவரை வேண்டுகிறேன். 1992-இல் வெளியாகி உலகின் பல சபைகளில் வழங்கும் திருத்திய பொது வாசக அட்டவணையில் இவ்வதிகாரம் இல்லை; பத்சேபாளின் வரலாற்றிலிருந்து அப்சலோமின் சாவுக்கு அது தாண்டிச் செல்கிறது. அந்த அட்டவணையை மட்டும் கேட்டு வளரும் சபையினர் தாமாரின் பெயரையே அறியாமல் வாழ்ந்து முடிக்கலாம்.

அம்னோனுக்கு யோசனை சொன்னவன் யோனதாப், அவனும் உறவினனே. நோயாளி போல் படுத்துக்கொள், தந்தை பார்க்க வருவார், தங்கை வந்து கண்முன் பலகாரம் செய்து தரட்டும் என்று கேள் என்பது அவன் வகுத்த திட்டம். அதன்படி தாவீது அரசனே ஆளனுப்பி மகளை அவ்வீட்டுக்குப் போகச் சொல்கிறான். தந்தையின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, நோயுற்ற அண்ணனுக்குப் பணிவிடை செய்யவே அவள் சென்றாள். நல்ல பெண்ணாய் இருந்ததே அவளைச் சிக்க வைத்தது. அம்னோன் எல்லாரையும் வெளியே போகச் சொல்கிறான். அவர்களும் ஏன் என்று கேளாமல் போகிறார்கள். அந்தப் பணியாளர்களைப் பற்றி நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. எத்தனை விடுதிகளில், எத்தனை முகாம்களில் இவ்வாறு வெளியே போகச் சொல்லப்பட்டவர்கள் போனார்கள்!

தாமார் மறுத்தாள், தெளிவாகப் பேசினாள். இது இஸ்ரயேலில் தகாத செயல் என்றும், தன் அவமானத்தைச் சுமந்து எங்கே போவேன் என்றும் கேட்டாள். அவளுடைய சொற்களைத் திருமறை பதிவு செய்திருக்கிறது என்பது சிறிய செய்தியன்று. பின்பு அவள் சாம்பலைத் தலையில் போட்டு, பலவருண ஆடையைக் கிழித்து, ஓலமிட்டுக்கொண்டு நடந்தாள். அதாவது அவள் மறைக்கவில்லை. அவளை அமைதியாக்கியவன் அவள்பால் அன்புகொண்ட அண்ணன் அப்சலோம். அவன் உன் சகோதரன்தானே, வாய்பேசாதே, மனத்தில் வைக்காதே என்பது அவன் ஆறுதலின் சாரம். நம் குடும்பங்களில் நாள்தோறும் ஒலிக்கும் ஆறுதலும் இதுவே.

தாவீதோ மிகவும் சினங்கொண்டான். எபிரேய மூலம் அத்தோடு நிறுத்திவிடுகிறது. அம்னோன் தலைப்பிள்ளை, தான் நேசித்தவன் என்பதால் அவன் மனத்தைப் புண்படுத்தவில்லை என்ற ஒரு விளக்கம் கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பில் உண்டு. கும்ரானில் கிடைத்த சாமுவேல் ஏட்டுச்சுருளும் அதற்குச் சான்று பகர்கிறது. சினம் இருந்தது, செயல் இல்லை. ஈராண்டுகள் வீடு அமைதியாய் இருந்தது. பின்பு ஆடு மயிர் கத்தரிக்கும் விருந்தில் அம்னோன் கொல்லப்பட்டான். நாடே உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது. அரசனைத் தேற்ற அருகில் நின்றவன் யார் தெரியுமா? அதே யோனதாப். தாமாரிடம் என்ன வேண்டும் என்று அவ்வதிகாரத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

பிலிஸ் டிரிபிள் என்னும் பழைய ஏற்பாட்டு அறிஞர் 1984-இல் வெளியிட்ட நூல் இப்பகுதியின்பால் இறையியலாரின் கவனத்தைத் திருப்பிற்று. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலுள்ள உஜாமா மையம் 2000-ஆம் ஆண்டில் தாமார் இயக்கம் என்ற பெயரில் இவ்வதிகாரத்தைச் சபைப் பெண்களோடு வாசிக்கத் தொடங்கிற்று. வாசித்த பின் பெண்கள் தங்கள் சொந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கினர் என்பதே அவ்வியக்கத்தின் அனுபவம். நம் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் இதைச் செய்யலாம். ஆனால் வாசிப்புக்குப் பின் வந்து பேசுபவருக்கு என்ன துணை செய்வோம் என்று முன்கூட்டியே ஆயத்தமாயிராமல் தொடங்கலாகாது.

தாவீதின் சினத்தைப் பற்றி எழுதும்போது என் கை தயங்குகிறது. நானும் சினங்கொண்டு வாளாவிருந்தவன். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், இவ்வட்டாரத்துச் சபையொன்றில், ஒரு தாய் தன் மகளைப் பற்றி என்னிடம் வந்து அழுதாள். செய்தவன் உறவினன், சபையில் மதிப்புள்ளவன். நான் ஜெபித்தேன், சிறுமியைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிடுமாறு கூறினேன், அவனைத் தனியே கண்டித்தேன். அவன் கண்ணீர் விட்டான். குடும்பம் பிரியவில்லை, சபை கலங்கவில்லை என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன். தன் பள்ளியையும் தோழிகளையும் தாயையும் இழந்து ஊரை விட்டுப் போனவள் அந்தச் சிறுமியே என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

நாம் தவறாக எடுத்தாளும் வசனங்கள்

அன்று நான் செய்ததற்கு வசன ஆதாரமும் வைத்திருந்தேன். மத்தேயு 18-இல், குற்றம் செய்த சகோதரனைத் தனியே கண்டு பேசவேண்டும் என்று ஆண்டவர் கற்பிக்கும் பகுதியே அது. ஆனால் அவ்வதிகாரம் எங்கே தொடங்குகிறது? ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்துவதில் தொடங்குகிறது. சிறியவருக்கு இடறல் உண்டாக்குபவனைப் பற்றிய எந்திரக்கல் எச்சரிக்கையும், தொலைந்த ஓர் ஆட்டின் உவமையும் வந்த பிறகே சகோதரனைத் தனியே காணும் அறிவுரை வருகிறது. அது சமமானவர்களுக்கிடையே எழும் பூசலுக்குரியது. முப்பது வயது ஆடவனுக்கும் ஒன்பது வயதுச் சிறுமிக்கும் இடையே அதைப் பொருத்துவது, அதிகாரத்தின் முற்பாதியைக் கிழித்துவிட்டுப் பிற்பாதியை வாசிப்பதாகும். எழுபது தடவை ஏழுமுறை மன்னிப்பதும் அவ்வாறே. மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் என்றாவது தாமாக நடக்கக்கூடிய வழி. ஆயர் அதைக் கேட்டு வாங்குவது, கொள்ளை போனவனிடமே காணிக்கை கேட்பது போன்றது.

மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளின்றி ஏற்கலாகாது என்னும் 1 தீமோத்தேயுவின் விதி அடுத்தது. இக்கொடுமை சாட்சிகளை வெளியே அனுப்பிய பின்னரே செய்யப்படுகிறது. எனவே இரண்டு சாட்சிகளைக் கேட்பது, நடைமுறையில் எவனையும் ஒருபோதும் விசாரியேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும். உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் வயல்வெளியில் வல்லுறவுக்குள்ளான பெண்ணைப் பற்றிய சட்டத்தை இங்கு நினைவுகூரலாம். அவள் கூவியிருப்பாள், மீட்க ஆள் இல்லை என்று அச்சட்டம் அவள் சார்பாகவே எண்ணுகிறது; சாட்சியைக் கேட்கவில்லை. அதே அதிகாரத்தில் நம்மை நெருடும் விதிகளும் உள என்பதை மறைக்கவில்லை. எனினும் தனியே இருந்தவளின் குரலை நம்பலாம் என்ற சிந்தனை அத்துணைப் பழமையானது.

சகோதரர் நீதிமன்றம் செல்லலாகாது என்னும் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரமும் காட்டப்படுகிறது. பவுல் அங்கே பேசுவது வாழ்க்கைக்கடுத்த வழக்குகளைக் குறித்து. குற்றத்தைக் கண்டிக்க அரசுக்குள்ள கடமையை ரோமர் 13-இல் அவரே எடுத்துரைக்கிறார்.

சட்டம் நம்மிடம் கேட்பது

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஆணும் பெண்ணும் இதன்படி குழந்தைகளே. இதன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. ‘எவரும்’ என்பதில் ஆயரும் அடங்குவார். தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நிறுவனத்துக்குப் பொறுப்பாளராயிருந்து தம் கீழுள்ளவர் செய்ததை மறைப்பவருக்கு ஓராண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர இயலாது. கல்வி நிறுவனத்தையோ சமய நிறுவனத்தையோ சார்ந்தவர் அந்நிறுவனத்துப் பிள்ளையிடம் புரியும் குற்றத்தைக் கடுந்தண்டனைக்குரியதாக இச்சட்டம் தனியே வகைப்படுத்துகிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆலோசனையில் கேட்டதை வெளியிடலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு, 2024 வரை நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டம் காப்பளித்தது; ஆயருக்கு அத்தகைய காப்பு அதில் இருக்கவில்லை. அதைவிட, பிள்ளை நம்மிடம் வந்தது இரகசியம் காப்பதற்காகவா, மீட்கப்படுவதற்காகவா என்பதை எண்ணவேண்டும். ஆகையால் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று ஒருபோதும் வாக்களிக்கலாகாது. ‘உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், அது யார் என்று உன்னிடம் முதலில் சொல்வேன்’ என்பதே நேர்மையான வாக்கு.

காவல் நிலையம் என்றதும் குடும்பம் அஞ்சும். சட்டம் என்ன சொல்கிறது என்று ஆயர் விளக்கவேண்டும். பிள்ளையின் வாக்குமூலம் அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலரால், சீருடையின்றிப் பதிவு செய்யப்பட வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கலாகாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். மருத்துவமனைகள் கட்டணமின்றி உடனே சிகிச்சை அளிக்கவேண்டும். நோய்த் தொற்றுத் தடுப்பு மருந்துகளில் சிலவற்றை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியிருப்பதால் தாமதம் உயிருக்கே கேடாகலாம். நீதிமன்றத்தில் எதிரியைப் பிள்ளை நேருக்கு நேர் பார்க்கத் தேவையில்லை. பெயரோ படமோ வெளிவரலாகாது. சபைக் கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிப்பதும் ஒருவகை வெளியீடே. நம் ஜெபக் குறிப்புகளில் இத்தவறு மிகுதி. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, வழக்கு முடியும்வரை பிள்ளைக்குத் துணைநிற்க ஓர் ஆதரவாளரைக் குழந்தைகள் நலக்குழு அமர்த்தலாம்.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பழைய நினைவில் எல்லாவற்றுக்கும் வேலூருக்கு ஓடி ஒரு நாளை இழக்கவேண்டாம். 1098 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்கு மாவட்ட எல்லை கிடையாது.

திருமணப் பதிவேடு நம் கையில் உள்ள மற்றொரு பொறுப்பு. கெட்ட பெயர் வருமுன் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று, தீங்கிழைக்கப்பட்ட பெண்ணுக்கே விரைந்து மணம் பேசும் குடும்பங்கள் உண்டு. செய்தவனுக்கே கொடுப்பதும் உண்டு. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, அத்திருமணத்தை நடத்தி வைப்பவருக்கு ஈராண்டுவரை கடுங்காவலும் ஓரிலட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டையும் பள்ளிச் சான்றையும் பாராமல் ஓலை வாசிக்கும் ஆயர், திண்டிவனத்துக் கதவின் உட்புறத்தில் நிற்பவர் ஆவார்.

பிள்ளை பேசும்போது

பெரும்பாலும் பிள்ளை நேராகச் சொல்வதில்லை. வயிற்று வலி என்கிறது. ஒரு வீட்டுக்குப் போக மறுக்கிறது. படுக்கையை நனைக்கத் தொடங்குகிறது. படிப்பில் திடீரெனப் பின்தங்குகிறது. வயதுக்கு மீறிய சொல் ஒன்றைச் சொல்கிறது. இவற்றுள் எதுவும் தனியே சான்றாகாது. கவனிக்க ஒரு காரணமாகும், அவ்வளவே. சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்கவேண்டும். ‘அப்புறம்?’ என்ற ஒரு சொல்லே போதும். இன்னார்தானே, இப்படித்தானே என்று விடையை ஊட்டும் கேள்விகள் பின்னர் வழக்கைக் கெடுக்கும். பிள்ளை சொன்ன சொற்களையே, நாளும் நேரமும் இட்டு, அன்றே எழுதி வைக்கவேண்டும். அதற்கு நான்கு செய்திகள் தேவை: உன்னை நம்புகிறேன், இது உன் குற்றமன்று, சொன்னது நல்லது, இனி என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்வேன். குற்றஞ்சாட்டப்பட்டவரை ஆயர் தாமே அழைத்து விசாரிக்கலாகாது. அது அவருக்கு முன்னெச்சரிக்கை, பிள்ளைக்கு ஆபத்து. பிள்ளையையும் அவரையும் ஒரே அறையில் அமர்த்தி ஒப்புரவு செய்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும் அது நடக்கிறது.

வீடு சந்தித்தல் என்னும் நம் பழைய வழக்கத்தின் மதிப்பு எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. காவலரும் அலுவலரும் அழைக்கப்பட்டாலன்றி வாசற்படியைத் தாண்டார். ஆயரும் வேதாகம ஸ்திரீயும் அழைப்பின்றியே உள்ளே போகிறார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி நலம் கேட்க உரிமை பெற்ற வெளியாள் வேறு யார்? அந்த ஐந்து நிமிடத்தைச் சங்கீதம் வாசித்து ஜெபித்து முடித்துவிடுகிறோம்.

பாலாறு கற்பித்தது

1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கு அது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு முன்னெச்சரிக்கைக் கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தீங்கு முழுதும் மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல் தடுக்கவேண்டும் என்பதும், தம் செயல் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு அதைச் செய்பவரையே சாரும் என்பதும் அதன் உட்பொருள். நம் ஊர்க் கிணற்று நீர் தந்த சட்டம் இது.

விடுதி, ஓய்வுநாள் பள்ளி, விடுமுறை வேதப் பள்ளி, வாலிபர் முகாம் ஆகியவற்றில் இக்கொள்கையை ஏன் கடைப்பிடிக்கலாகாது? ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனித்திருக்கலாகாது என்ற விதி எவர்மீதும் பழி சுமத்துவதன்று. புதிதாக வரும் ஆசிரியரைப் பற்றி முன்பிருந்த இடத்தில் விசாரிப்பதும், பாதுகாப்புக் குழுவில் சபைக்கு வெளியிலுள்ள ஒருவரை அமர்த்துவதும் அவ்வாறே. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் திருச்சபை சார்ந்த விடுதியொன்றில் இரு சிறுமியருக்கு வெளியாரால் நேர்ந்த கொடுமைக்குப் பின்னரே, அவ்வாண்டில் தமிழகத்தில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம் பிறந்தது. உரிமம், காவலாள், விளக்கு, மதில் என்று எவரும் எதிர்பார்க்கக்கூடிய காரியங்களை அரசு நமக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

இது துறவறம் பூண்ட குருக்களின் சிக்கல், நமக்கு இல்லை என்று சீர்திருத்த சபையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் ஜான் ஸ்மித் என்பவர் மணமானவர், வழக்கறிஞர், கிறிஸ்தவ முகாம்களின் தலைவர். அவர் இளைஞரைக் கொடூரமாக அடித்து வதைத்தது 1982-லேயே திருச்சபைத் தலைவர் சிலருக்குத் தெரிந்திருந்தது. காவல் துறைக்குச் சொல்லப்படவில்லை. அவர் ஜிம்பாப்வே சென்று அங்கும் முகாம் நடத்தினார். 2018-இல் தண்டனை ஏதுமின்றி இறந்தார். இதைப் பற்றிய மேக்கின் அறிக்கை 2024 நவம்பரில் வெளியானதும் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். ஒரு நாட்டின் சபை தன் சிக்கலை வேறொரு நாட்டுக்கு இடமாற்றம் செய்தது. நம் இடமாற்ற ஆணைகளில் இத்தகையவை இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

மீண்டு வாழ்வோர்

பாட்டி ஊருக்கு அனுப்பப்பட்ட அச்சிறுமி, பல ஆண்டுகளுக்குப் பின், கைக்குழந்தையோடு என்னைக் காண வந்தாள். குற்றஞ்சாட்ட வரவில்லை. ‘அன்னைக்கு அம்மாகிட்ட பேசினீங்க, அவர்கிட்ட பேசினீங்க. என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே, ஐயா’ என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதற்கு விடை சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அவளைப் போன்றோர் நம் சபைகளில் நாம் எண்ணுவதைவிடப் பலர். உறக்கமின்மை, காரணமறியாச் சினம், உடலைக் குறித்த வெறுப்பு, தாம்பத்தியத்தில் அச்சம், ‘பிதா’ என்று ஜெபிக்க இயலாமை ஆகியவற்றோடு அவர்கள் நற்கருணைக்கு வருகிறார்கள். இவை விசுவாசக் குறைவன்று, காயத்தின் விளைவு. ஜெபத்தோடு முறையான மனநல மருத்துவமும் தேவைப்படும். வேலூரை அடுத்த பாகாயத்திலுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் அருகிலிருந்தும், பேயோட்டுபவரிடம் அழைத்துச் செல்லப்பட்டவர்களை நான் அறிவேன். சிறுவயதில் நேர்ந்ததை வளர்ந்தபின் புகார் செய்யவும் வழியுண்டு. மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. புகார் செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது வளர்ந்த அவருடைய உரிமை. ஆனால் அந்த மனிதரின் கைக்கெட்டும் தூரத்தில் இன்றும் பிள்ளைகள் இருந்தால், நம் கடமை அவருடைய முடிவோடு நின்றுவிடாது. இதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

அவள் என்னிடம் கேட்டது வேறொன்று. தன் குழந்தைக்கு ஊர் ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுக்க விரும்பினாள். அம்மனிதர் அங்கே காணிக்கைத் தட்டு ஏந்துபவராய், ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வழங்குபவராய் இருந்தார். அவர் நிற்கும் இடத்தில் தன்னால் நிற்க முடியாது என்றாள். அப்போது அச்சபையின் ஆயராயிருந்தவரிடம் அவளது இசைவோடு சென்றேன். சபைக்குழு மூன்று முறை கூடிற்று. பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்றார் ஒருவர். அந்த அம்மா வேறு ஆலயத்துக்குப் போகலாமே என்றார் மற்றொருவர். பெண்கள் ஐக்கியத் தலைவி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அதுவரை பேசாதிருந்தவர், ‘ஏற்கெனவே ஒரு தடவை ஊரை விட்டு அனுப்பினோமே, அது போதாதா?’ என்று கேட்டார். அம்மனிதர் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்பட்டார். பிள்ளைகள் கூடும் நேரத்தில் ஆலய வளாகத்துக்குள் வரலாகாது என்று எழுத்தில் அறிவிக்கப்பட்டது. அவர் வீட்டில் அப்போதும் பேரப்பிள்ளைகள் இருந்ததால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தெரிவிக்கப்பட்டது. இரண்டு குடும்பங்கள் சபையை விட்டு விலகின. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு அக்குழந்தை ஞானஸ்நானம் பெற்றது. தாய் முன்வரிசையில் நின்றாள்.